கட்டில் கால்ல சுண்டுவிரல் இடிச்சா உள்ள என்னெல்லாம் நடக்குது? மைய நரம்பு மண்டலம், ஆரம்பத்துலருந்து

ராத்திரி தண்ணி குடிக்க எழுந்திரிக்கிறீங்க, லைட் போடல, இருட்டுல தட்டுத்தடுமாறி நடக்கிறப்ப கட்டில் கால்ல சுண்டுவிரல் நச்சுன்னு இடிக்குது. அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் மெதுவா ஓட்டிப் பாத்தாலே மைய நரம்பு மண்டலம் பத்தி பள்ளிக்கூடத்துல படிச்சு மறந்ததுல பாதி திரும்பப் புரிஞ்சிடும், அதனால இந்தக் கட்டுரை முழுக்க அந்தச் சுண்டுவிரல் பின்னாடியேதான் போகப்போறேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். நாம பேச்சுவழக்குல நரம்புன்னு ரெண்டு வேற வேற பொருளைச் சொல்றோம். புறங்கையில பச்சையா ஓடுதே, ஊசி போட வந்தவங்க "நரம்பு கிடைக்க மாட்டேங்குது"ன்னு தட்டித் தட்டித் தேடுறாங்களே, அது நரம்பே இல்ல, ரத்தக்குழாய். நிஜமான நரம்பு வெள்ளையா நூல்கண்டு மாதிரி இருக்கும், அதுக்குள்ள ரத்தம் ஓடுறதில்ல, சேதிதான் ஓடுது. இந்தக் கட்டுரைல நரம்புன்னு வந்தா அந்த வெள்ளை நூல்தான்.

மைய நரம்பு மண்டலம்னா ரெண்டே ரெண்டு பொருள்: மண்டையோட்டுக்குள்ள இருக்கிற மூளை, அதுலருந்து கீழ இறங்குற தண்டுவடம். ரெண்டும் தனித்தனியா பொருத்தி வச்சதில்ல, ஒரே திசுதான், மேல பெருசா உருண்டு கீழ வால் மாதிரி நீண்டிருக்கு. அங்கேருந்து கிளம்பி கை, கால், கண், வயிறுன்னு உடம்பு முழுக்கப் போற நரம்புங்களை புற நரம்பு மண்டலம்னு சொல்வாங்க. மூளைலருந்து நேரா 12 ஜோடி, தண்டுவடத்துலருந்து 31 ஜோடி. முதுகெலும்பும் தண்டுவடமும் ஒண்ணுன்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க, அப்படி இல்ல. முதுகெலும்புங்கிறது ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கின எலும்பு வளையங்க, அந்த வளையங்களோட ஓட்டை வழியா மெத்துன்னு இறங்குற வடம்தான் தண்டுவடம். நீளம் 45 சென்டிமீட்டருக்குள்ளதான். முதுகெலும்பு இடுப்புக்குக் கீழ வரைக்கும் போகுது, ஆனா வடம் பாதி வழியிலயே, இடுப்புக்குக் கொஞ்சம் மேலயே முடிஞ்சிடுது, அதுக்குக் கீழ குதிரை வால் மாதிரி தனித்தனி நரம்பா தொங்கும். முதுகுல ஊசி போட்டு நீர் எடுக்கிறதுன்னா பலருக்கு பயம், வடத்துல குத்திடுவாங்களோன்னு. வடம் முடிஞ்ச இடத்துக்கும் கீழதான் குத்துறாங்க, அங்க இருக்கிற நரம்புங்க நீர்ல மிதந்துக்கிட்டு ஊசிக்கு விலகிக் கொடுத்துடும்.

சரி, விரல் இடிச்சாச்சு. தோலுக்குள்ள நரம்பு நுனிங்க இருக்கு, சிலது தொடுறதுக்கு, சிலது அழுத்தத்துக்கு, சிலது சூட்டுக்கு, சிலது "இங்க ஏதோ அடிபடுது"ன்னு சொல்றதுக்குன்னே இருக்கு. இதுல எனக்கு இப்பவும் ஆச்சரியமா இருக்கிற விஷயம் ஒண்ணு: சுண்டுவிரல்ல தொடுறதை உணர்ற அந்த நுனி ஒரு செல்லோட ஒரு முனைதான், அதே செல் காலு, தொடை, இடுப்பு எல்லாம் தாண்டி தண்டுவடத்துக்குள்ள நுழைஞ்சு கழுத்துக்கு மேல, மூளையோட அடிப்பகுதில இருக்கிற முகுளம் வரைக்கும் போகுது. ஒரே ஒரு செல். கண்ணால பாக்க முடியாத அளவு மெல்லிசு, ஆனா நீளம் கிட்டத்தட்ட உங்க உயரம். அந்த மாதிரி செல்லுக்குத்தான் நியூரான்னு பேரு, தமிழ்ல நரம்பணு. எல்லா நியூரானும் இவ்வளவு நீளம் இல்ல, மூளைக்குள்ள பக்கத்து வீட்டுக்கு மட்டும் சேதி சொல்ற குட்டி நியூரான்தான் ஏராளம். மொத்தம் சுமார் 8,600 கோடி நியூரான் மூளைல இருக்குன்னு எண்ணிப் பாத்திருக்காங்க.

செல்லுக்குள்ள சேதி எப்படிப் போகுதுன்னு கேட்டா கரண்டுன்னு ஒரு வார்த்தைல சொல்லிடுவாங்க, ஆனா செப்புக்கம்பில ஓடுற கரண்டு மாதிரி இல்ல அது. நியூரானோட தோல் இருக்கே, அதுக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் உப்புச்சத்து அளவு வேற வேற, வெளிய சோடியம் அதிகம், உள்ள பொட்டாசியம் அதிகம், அதனால சும்மா இருக்கிறப்பவே உள்பக்கம் வெளியை விட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவா இருக்கும். தூண்டுதல் வந்ததும் அந்த இடத்துல சின்னச் சின்னக் கதவு திறந்து சோடியம் உள்ள பாயுது, மின்னழுத்தம் சட்டுன்னு தலைகீழா மாறுது, ஒரு நொடில ஆயிரத்துல ஒரு பங்கு நேரம்தான், உடனே பழைய நிலைக்குத் திரும்பிடும், ஆனா அதுக்குள்ள பக்கத்துல இருக்கிற கதவைத் தட்டி விட்டுடும், அது அதுக்குப் பக்கத்துக் கதவை. வரிசையா நிக்க வச்ச தீக்குச்சில ஒண்ணைப் பத்த வச்சா அடுத்தடுத்துப் பத்திக்கிற மாதிரி. ஒரே வித்தியாசம், இந்தத் தீக்குச்சி எரிஞ்சு முடிஞ்ச மறுநொடியே புதுசா ஆயிடுது. இதை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லின்னு ரெண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிங்க கணவாய் மீன்ல இருக்கிற ரொம்பத் தடிமனான நரம்பு இழையை வச்சு கணக்குப் போட்டு 1952ல விளக்கினாங்க, 1963ல நோபல் பரிசு கிடைச்சுது.

வேகம்னு வந்தா எல்லா இழையும் ஒரே மாதிரி இல்ல. சில இழைங்களைச் சுத்தி மயலின்னு ஒரு கொழுப்பு உறை இருக்கும், நடுநடுவுல இடைவெளி விட்டு விட்டு. அதுல சேதி ஒவ்வொரு அங்குலமா ஊராம இடைவெளிக்கு இடைவெளி தாவிப் போகும், வேகமானது நொடிக்கு 100 மீட்டரையும் தாண்டும். உறை இல்லாத மெல்லிசு இழைல நொடிக்கு 1 மீட்டர், 2 மீட்டர்தான், நாம நடக்கிற வேகம். இதை நீங்க ஏற்கனவே அனுபவிச்சிருக்கீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க அவ்வளவுதான். விரல் இடிச்ச உடனே "இடிச்சிடுச்சு"ன்னு தெரிஞ்சிடும், கூடவே சுருக்குன்னு ஒரு வலி. அதுக்கப்புறம் ஒரு நொடி, ஒன்றரை நொடி ஒண்ணும் இல்லாத மாதிரி ஒரு இடைவெளி, பல்லைக் கடிச்சுக்கிட்டு "ஐயோ வரப்போகுது"ன்னு காத்திருப்போம், அப்புறம்தான் அந்த விண்ணு விண்ணுன்னு தெறிக்கிற பெரிய வலி வந்து சேரும். தொடுற சேதி வேகமான இழைல முதல்ல வந்தாச்சு, சுருக்கு வலி நடுத்தர இழைல அடுத்தது, அந்த ஆழமான வலி உறை இல்லாத இழைல நடந்தே வருது. கால் விரல் மூளைலருந்து ரொம்ப தூரம் இருக்கிறதால அங்கதான் இந்த இடைவெளி நல்லாத் தெரியும்.

இப்ப தண்டுவடத்துக்கு வருவோம், எனக்கு இதுதான் முக்கியமான இடம். தண்டுவடத்தை நிறைய பேர் வெறும் கேபிள்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க, அது நியாயமே இல்ல. வலிச் சேதி வடத்துக்குள்ள நுழைஞ்சதும் மூளைக்குப் போய்ச் சேரும் முன்னாடியே, வடமே முடிவெடுத்து தசைக்கு ஆர்டர் போட்டுடுது: அடிபட்ட காலை மடக்கு. அதோட நிக்கல, ஒரு காலைத் தூக்கினா ஆள் விழுந்துடுவாரே, அதனால அதே நேரம் மத்த காலுக்கு "நீ விறைப்பா நில்லு"ன்னு இன்னொரு ஆர்டர். மடக்குற தசை சுருங்கணும்னா நீட்டுற தசை தளரணும், அதுக்கும் தனியா சேதி. நாம யோசிச்சுப் பண்ணதில்ல இது எதுவும், யோசிக்க நேரமும் இல்ல. இதுக்குப் பேருதான் அனிச்சைச் செயல். டாக்டர் முட்டிக்குக் கீழ சின்ன சுத்தியலால தட்டிப் பாக்கிறதும் இதுக்குத்தான், கால் துள்ளினா இடுப்புப் பக்கம் இருக்கிற வடத்தோட அந்தப் பகுதியும் அதுக்குப் போய் வர நரம்பும் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அவருக்குத் தெரிஞ்சிடும்.

ஒரு நியூரான் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற இடத்துல ரெண்டும் ஒட்டியிருக்காது, நடுவுல ஒரு இடைவெளி உண்டு, சினாப்ஸ்னு பேரு. அந்த இடைவெளியைச் சேதி எப்படித் தாண்டுது, மின்பொறியாவா இல்ல ஏதாவது ரசாயனமான்னு ரொம்ப நாள் சண்டை நடந்துச்சு. ஓட்டோ லோவின்னு ஆஸ்திரியால ஒருத்தர், அவருக்கு ராத்திரி கனவுல ஒரு பரிசோதனை தோணி எழுந்து எழுதி வச்சிருக்கார், காலைல பாத்தா அவர் கையெழுத்து அவருக்கே புரியல, மறுநாள் ராத்திரி அதே கனவு திரும்ப வந்ததும் இந்தத் தடவை நேரா ஆய்வகத்துக்கே போயிட்டாராம், அவரே சொன்ன கதை இது. ரெண்டு தவளை இதயம் எடுத்துக்கிட்டார், ஒண்ணுல துடிப்பைக் குறைக்கிற நரம்பைத் தூண்டினார், அந்த இதயத்தைச் சுத்தி இருந்த திரவத்தை எடுத்து ரெண்டாவது இதயத்துமேல விட்டார், அதுக்கு நரம்பே கிடையாது, ஆனாலும் அதுவும் மெதுவாத் துடிக்க ஆரம்பிச்சிடுச்சு. நரம்பு ஏதோ ஒரு ரசாயனத்தைக் கக்குதுன்னு அதோட நிரூபணம் ஆயிடுச்சு. 1921ல வெளியிட்டார், 1936ல நோபல். இன்னைக்கு மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் கொடுக்கிற மாத்திரைல பெரும்பாலானது இந்த மாதிரி இடைவெளிலயோ அதுல இருக்கிற கதவுங்கள்லயோ போய்த்தான் வேலை செய்யுது.

காலை இழுத்தாச்சு, ஆனா மூளைக்கு இன்னும் விஷயம் முழுசாப் போகல. மேல ஏறுற வழில சேதி ஒரு பக்கத்துலருந்து மறுபக்கம் மாறிடும், வலி தண்டுவடத்துக்குள்ளயே மாறிடுது, தொடு உணர்வு முகுளத்துல மாறுது, ஆனா வலது கால் சேதி கடைசில போய்ச் சேர்றது மூளையோட இடது பாதிக்கு. நடுவுல தலாமஸ்னு ஒரு சந்திப்பு, வாசனையைத் தவிர உடம்புலருந்து வர்ற புலன் சேதி எல்லாம் அங்க இறங்கி ஏறித்தான் போகும். அங்கேருந்து பெருமூளையோட மேல்தோல் மாதிரி இருக்கிற புறணிக்கு. அங்க உங்க உடம்போட வரைபடமே இருக்கு, கால் விரலுக்கு ஒரு இடம், முட்டிக்கு ஒரு இடம், உதட்டுக்கு ஒரு இடம்னு. வைல்டர் பென்ஃபீல்டுங்கிற மூளை அறுவைச் சிகிச்சை டாக்டர் மான்ட்ரியல்ல நோயாளிங்க முழிச்சிருக்கிறப்பவே மூளைல அங்கங்க மெல்லிசாக் கரண்டு வச்சு "இப்ப எங்க தெரியுது"ன்னு கேட்டுக் கேட்டு அந்த வரைபடத்தை வரைஞ்சார். முழிச்சிருக்கிறப்ப எப்படின்னு பதறாதீங்க, மூளைத் திசுவுக்கு வலி உணர்ற நுனியே கிடையாது, தலைவலில வலிக்கிறது மூளை இல்ல, அதைச் சுத்தி இருக்கிற உறையும் ரத்தக்குழாயும் தசையும்தான்.

அந்த வரைபடத்துல அளவு ரொம்பத் தாறுமாறா இருக்கும், முதுகு முழுசுக்கும் கொஞ்சூண்டு இடம், விரல் நுனிக்கும் உதட்டுக்கும் பெரிய பெரிய இடம். வீட்டுலயே சோதிச்சுப் பாக்கலாம். ஒரு பேப்பர் கிளிப்பை நிமித்தி ரெண்டு முனையும் அரை சென்டிமீட்டர் இடைவெளில இருக்கிற மாதிரி வளைச்சுக்கங்க, கண்ணை மூடிக்கிட்டு வேற யாரையாவது உங்க விரல் நுனில மெதுவா வைக்கச் சொல்லுங்க, ரெண்டு முனைன்னு தெளிவாத் தெரியும். அதையே முதுகுல வைக்கச் சொல்லுங்க, ஒரு முனைன்னுதான் சொல்வீங்க. முனைங்களை 3, 4 சென்டிமீட்டர் தள்ளி வச்சாத்தான் முதுகுக்கு ரெண்டுன்னு புரிய ஆரம்பிக்கும். ரெண்டு இடத்துலயும் தோல்தான், ஆனா நுனிங்க எவ்வளவு நெருக்கமா இருக்கு, மூளை எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்குங்கிறதுல அவ்வளவு வித்தியாசம்.

வலி வந்ததும் என்ன பண்ணுவோம், உக்காந்து விரலைப் பிடிச்சு அமுக்கித் தேய்ப்போம், கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கும். அது மனப்பிரமை இல்ல. தேய்க்கிறப்ப தொடு உணர்வு இழைங்க வேகமா சேதி அனுப்பி தண்டுவடத்துல வலி ஏறுற வழியைக் கொஞ்சம் சாத்திடுது. மெல்சாக், வால்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1965ல இதை ஒரு கதவு மாதிரின்னு சொன்னாங்க, நுணுக்கம் பின்னாடி நிறைய மாறியிருக்கு, ஆனா வலி வடத்துலயே கூட்டிக் குறைக்கப்படுதுங்கிறது உண்மை. மேலேருந்து மூளையும் அந்தக் கதவை இழுத்துச் சாத்தும், அதனாலதான் விளையாட்டு மும்முரத்துல கால் கிழிஞ்சது தெரியாம ஆட்டம் முடிஞ்சப்புறம் ரத்தத்தைப் பாத்து வலிக்க ஆரம்பிக்குது.

இதே நேரத்துல மூளைல மத்த இடமெல்லாம் சும்மா இல்ல. ஒத்தைக் கால்ல நொண்டிக்கிட்டு விழாம நிக்கிறீங்களே, அதுக்கு பின்மண்டைல இருக்கிற சிறுமூளை காரணம், அளவுல சின்னதா இருந்தாலும் மூளைல இருக்கிற நியூரான்ல முக்கால்வாசிக்கும் மேல அதுக்குள்ளதான் இருக்கு. மூளைத்தண்டு நீங்க கேக்காமயே மூச்சையும் இதயத்துடிப்பையும் ஓட்டிக்கிட்டிருக்கு. ஹைபோதலாமஸ் உடம்புச் சூடு, பசி, தாகம்; தண்ணி குடிக்க உங்களை எழுப்பிவிட்டதே அதுதான். கோவத்துல கட்டிலை எட்டி உதைக்கலாமான்னு ஒரு எண்ணம் வந்து, வேணாம்னு விடுறீங்களே, அந்த வேணாம் சொல்றதுல நெத்திக்குப் பின்னாடி இருக்கிற முன்மூளைக்குப் பெரிய பங்கு. நாம மூளைல பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துறோம்னு ஒரு பேச்சு சுத்துது, தயவுசெஞ்சு நம்பாதீங்க. உடம்பு எடைல 2 சதவீதம் இருந்துக்கிட்டு சும்மா உக்காந்திருக்கிறப்பவே உடம்போட சக்தில 20 சதவீதத்தைச் சாப்பிடுற உறுப்பு அது, பெரும்பகுதி வேலையில்லாம கிடந்தா இவ்வளவு செலவைத் தாங்கவே முடியாது.

அடுத்த நாள் ராத்திரி அந்த இடத்துல ஒதுங்கி நடக்கிறீங்க, அது ஞாபகம். இதுல ஹென்றி மொலைசன்ங்கிற மனுஷன் கதையைச் சொல்லாம போக முடியாது. வலிப்பு நோய்க்காக 1953ல மூளைக்குள்ள ரெண்டு பக்கமும் இருக்கிற ஹிப்போகாம்பஸ்ங்கிற பகுதியைப் பெரும்பாலும் எடுத்துட்டாங்க, வலிப்பு குறைஞ்சுது, ஆனா அதுக்கப்புறம் புதுசா எதுவும் மனசுல தங்கல, 2008ல சாகுற வரைக்கும் அப்படியே. கண்ணாடில பாத்துக்கிட்டு நட்சத்திரம் வரையிற பயிற்சி கொடுத்தாங்க, ஒவ்வொரு நாளும் "இது நான் செஞ்சதே இல்லையே"ன்னு சொல்வார், ஆனா கை மட்டும் நாளுக்கு நாள் அழகா வரைய ஆரம்பிச்சுது. கைப்பழக்கம் வேற இடத்துல தங்குது, நடந்தது என்னங்கிற ஞாபகம் வேற இடத்துல உருவாகுதுன்னு அவராலதான் உலகத்துக்குத் தெளிவாச்சு.

இவ்வளவு முக்கியமானதை உடம்பு எப்படிப் பாதுகாக்குதுன்னா, வெளிய எலும்பு, உள்ள மூணு அடுக்கு உறை, அந்த உறைங்களுக்கு நடுவுல தண்ணி மாதிரி தெளிவான ஒரு திரவம். 150 மில்லிதான் இருக்கும், தினமும் சுமார் அரை லிட்டர் புதுசா ஊறிப் பழசு வடிஞ்சுக்கிட்டே இருக்கும். 1.3, 1.4 கிலோ இருக்கிற மூளை அதுல மிதக்கிறதால அதோட பாரம் 50 கிராம் அளவுக்குத்தான் அழுத்துது, இல்லேன்னா தன் எடையாலயே அடிப்பக்கம் நசுங்கிடும்.

இத்தனை பாதுகாப்பு தேவைப்படுதுன்னா காரணம் இருக்கு. கையில ஒரு நரம்பு வெட்டுப்பட்டு தையல் போட்டா இழை நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குல மெதுவாத் திரும்ப வளரும். தண்டுவடத்துல அறுந்த இழை அப்படி வளர்ந்து போய்ச் சேர்றதில்ல. எந்த உயரத்துல அடிங்கிறதைப் பொறுத்து எல்லாம் மாறும், இடுப்புக்கு மேலன்னா கால் போகும், கழுத்துலன்னா கையும் போகும், கழுத்தோட மேல்பகுதின்னா மூச்சுக்கான உதரவிதானத்தை இயக்குற நரம்பு அங்கேருந்துதான் கிளம்புதுங்கிறதால மூச்சே நின்னுடலாம். அதனாலதான் விபத்துல விழுந்தவரை, தீ மாதிரி உடனடி ஆபத்து இல்லேன்னா, கைகால் பிடிச்சு அள்ளித் தூக்காதீங்கன்னு அவ்வளவு சொல்றாங்க. எலும்பு மட்டும் உடைஞ்சிருக்கலாம், வடம் முழுசா இருக்கலாம், தலையைத் தொங்கவிட்டுத் தூக்குற அந்த நொடில உடைஞ்ச எலும்பு வடத்தை நசுக்கிடலாம். கழுத்தை அசையாமப் பிடிச்சுக்கிட்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்க.

மூளைக்கு வர்ற ஆபத்துல அடிக்கடி வர்றது பக்கவாதம். ரத்தக்குழாய் அடைச்சோ வெடிச்சோ ஒரு பகுதிக்கு ரத்தம் போகாம நின்னுடும். என் பெரியம்மாவுக்கு வந்தப்ப தலை வாரிக்கிட்டு இருந்தாங்க, வலது கையிலருந்து சீப்பு நழுவி விழுந்துச்சு, குனிஞ்சு எடுத்தாங்க, திரும்ப விழுந்துச்சு. வாய் ஒரு பக்கம் லேசாக் கோணியிருந்துச்சு. என்ன ஆச்சுன்னு கேட்டா நாங்க கேக்கிறது புரியுது, தலையாட்டுறாங்க, ஆனா வார்த்தை வரல. அசதின்னு நினைச்சு படுக்க வச்சோம், தூங்கி எழுந்தா சரியாயிடும்னு. அதுல நாலு மணி நேரத்துக்கு மேல போச்சு. ஸ்கேன்ல இடது பக்கம் அடைப்பு. வலது கை ஏன், பேச்சு ஏன்னு இப்ப உங்களுக்கே புரிஞ்சிருக்கும், பக்கம் மாறித்தான் நரம்பு போகுது, பேச்சை உண்டாக்குற இடம் பெரும்பாலானவங்களுக்கு இடது முன்மூளைலதான் இருக்குன்னு பால் புரோக்கான்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1860கள்லயே கண்டுபிடிச்சு வச்சிருக்கார். அடைப்பைக் கரைக்கிற மருந்தை அறிகுறி ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள கொடுத்தாகணும்னு எங்களுக்குத் தெரியாது. நீங்க தெரிஞ்சு வச்சுக்கங்க: சிரிக்கச் சொன்னா வாய் கோணுதா, ரெண்டு கையையும் தூக்கச் சொன்னா ஒண்ணு இறங்குதா, பேச்சு குழறுதா, இதுல ஏதாவது ஒண்ணு திடீர்னு வந்தாலும் படுக்க வைக்காதீங்க, வாய்ல தண்ணி ஊத்தாதீங்க, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுதுன்னு குறிச்சுக்கிட்டு உடனே கிளம்புங்க.

செத்த நியூரான் திரும்பி வராது, ஆனா மூளைக்கு இன்னொரு குணம் இருக்கு, பக்கத்துல பொழைச்சிருக்கிற நியூரானுங்க திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுத்தா புதுசா இணைப்பு போட்டு போன வேலைல கொஞ்சத்தை எடுத்துக்கும். முதல் சில மாசம்தான் இதுக்கு நல்ல காலம், அதுக்கப்புறமும் முன்னேற்றம் உண்டு, மெதுவா இருக்கும். பெரியம்மாவுக்கு பிசியோதெரபிஸ்ட் முதல்ல ஒரு பந்தைப் பிடிக்கச் சொன்னார், அப்புறம் ஒரு கட்டையை, அப்புறம் துணி மாட்டுற கிளிப்பை, ஒரே வேலையை ஒரு நாளைக்கு நூறு தடவை. எட்டாவது மாசம் அவங்களாவே சீப்பைக் கேட்டு வாங்கினாங்க. வலது கையாலதான் வாருறாங்க இப்ப, பின்பக்கம் மட்டும் இன்னும் எட்டல.